பயனாளி யார்? ஐல் டி ஜீன் சார்ல்ஸ் மீள்குடியேற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை ஒரு போட்டியின் முடிவை அறிவித்தது. பேரிடரைத் தாங்கும் திட்டங்களுக்கென்று ஒதுக்கிய கிட்டத்தட்ட 100 கோடி டாலருக்காக மாநிலங்களும் நகரங்களும் போட்டியிட்டிருந்தன. அதில் 4 கோடியே 83 லட்சம் டாலர், லூசியானாவின் தென்கோடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு சின்னத் தீவுக்குக் கிடைத்தது. தீவின் பெயர் ஐல் டி ஜீன் சார்ல்ஸ். அங்கே மிஞ்சியிருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அவர்களை ஊரோடு பெயர்த்து மேட்டு நிலத்தில் குடியமர்த்துவதுதான் திட்டம். ‘அமெரிக்காவின் முதல் காலநிலை அகதிகள்’ என்று செய்தித்தாள்கள் எழுதின.

ஆறரை ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், முதல் பன்னிரண்டு குடும்பங்கள் அளவில் புது வீட்டுக்குக் குடிபோயின. அடுத்த ஆண்டு டிசம்பரில், இந்தத் திட்டத்தை முதலில் வரைந்த தீவின் பழங்குடிக் குழுவே (இன்று ஜீன் சார்ல்ஸ் சாக்டா தேசம்), பணம் கொடுத்த அதே துறையிடம் பாரபட்சப் புகார் கொடுத்தது.

பணம் வந்தது, நிலம் வந்தது, வீடும் வந்தது. அப்புறம் எதற்குப் புகார்? ஊழல் என்று யாரும் சொல்லவில்லை. காலநிலை மாற்றத்தை நம்பாத அரசியல்வாதிகள் முட்டுக்கட்டை போட்டார்கள் என்றும் இல்லை. குழு, திட்டத்தை நடத்திய மாநில அரசு என இரண்டு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்ய நினைத்தன. பண்பாட்டு விழுமியங்கள் காலநிலை ஆளுகையில், அதாவது காலநிலை மாற்றத்தைக் கையாளும் அரசு முடிவுகளில், எங்கே நுழைகின்றன என்று கேட்டால் பலரும் சடங்கு, பாட்டு, கோயில், கல்லறை என்று கை காட்டுவார்கள். இந்த நிகழ்வில் அது நுழைந்த இடம் வேறு. ‘பயனாளி’ என்ற ஒரு சொல்லுக்கு அலுவலகக் கோப்பில் எழுதப்பட்ட விளக்கத்தில் அது இருந்தது. என் வாதம் அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான சாட்சியம்.

தீவு கரைந்த விதம்

டெரிபோன் மாவட்டத்தின் சதுப்பு நிலத்தில் ஒரு நீண்ட மேட்டு வரப்பு மாதிரி கிடக்கிறது இந்தத் தீவு. பிலாக்சி, சிட்டிமாச்சா, சாக்டா வழிவந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே குடியேறினார்கள். 1830-இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தும் சட்டத்தைப் போட்ட காலம் அது. யாரும் தேடிவராத இடம் என்பதே இந்தச் சதுப்பின் பெருமை. 1876 வரை மாநில அரசின் கணக்கில் இது ‘குடியிருக்கத் தகாத சதுப்பு’. ஒளிந்து வாழ வந்தவர்களுக்கு அதைவிட நல்ல பட்டா கிடைத்திருக்காது. பிரெஞ்சு பேசினார்கள், மீன், இறால், சிப்பி பிடித்தார்கள், பொறிவைத்து விலங்குகளைப் பிடித்தார்கள், மாடு மேய்த்தார்கள். கரைக்கு வருவதற்குப் படகைத் தவிர வேறு வழியில்லை. 1953-இல்தான் சாலை வந்தது.

1955 வாக்கில் தீவின் பரப்பு சுமார் 22,000 ஏக்கர். இன்று சுமார் 320 ஏக்கர். 98 விழுக்காடு போய்விட்டது.

இதில் கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம் மட்டுமே. மிசிசிப்பி ஆற்றுக்கு இருபுறமும் வெள்ளத்தடுப்புக் கரை கட்டியதும், ஆண்டுதோறும் டெல்டாவில் வந்து படிய வேண்டிய வண்டல் வராமல் நின்றது. வண்டல் நிலத்துக்கு ஒரு குணம் உண்டு: மேலே புது மண் சேராவிட்டால் தானாகவே அமிழும். எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் சதுப்பைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக் கால்வாய் போட்டன. அந்த வழியாக உப்புநீர் உள்ளே வந்து, மண்ணைப் பிடித்து வைத்திருந்த நன்னீர்ச் செடிகளைக் கொன்றது. வேர் போனால் மண் போகும். அதன்மேல் புயல்கள். லூசியானா முழுக்க 1930-களிலிருந்து இழந்த நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர்.

ஆக, ‘காலநிலை அகதிகள்’ என்ற பட்டம் பாதி உண்மைதான். அந்தப் பட்டம் எண்ணெய்க் கால்வாய்களையும் ஆற்றுக் கரைகளையும் சத்தமில்லாமல் காட்சியிலிருந்து நகர்த்திவிடுகிறது. வளிமண்டலம் குற்றவாளி ஆனால் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாதே.

காப்பாற்றாமல் விட்ட முடிவு

கரையோர ஊர்களைப் புயலலையிலிருந்து காக்க ‘மார்கன்சா முதல் வளைகுடா வரை’ என்ற பெயரில் ஏறக்குறைய 98 மைல் நீளத் தடுப்புக் கரை திட்டமிடப்பட்டது. இறுதி வரைபடத்தில் தீவு கரைக்கு வெளியே இருந்தது. ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு போட்ட செலவு-பயன் கணக்கில் தீவைச் சேர்க்கும் செலவு கட்டுப்படியாகவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘பயன்’ பக்கத்தில் வருவது காப்பாற்றப்படும் சொத்தின் மதிப்பு. விலை குறைந்த வீடுகள், குறைவான ஆட்கள் என்றால் பயன் குறைவு. ஒரு மொழிவழக்கு உயிரோடிருக்கும் இடம், ஓர் இனக்குழு ஒன்றாக இருக்கும் கடைசி இடம் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டமே கிடையாது. எண்ணைக் கூட்டியவர்கள் யாரும் தப்பாகக் கூட்டவில்லை. எதை எண்ணலாம் என்பது அவர்கள் உட்காரும் முன்பே முடிவாகியிருந்தது. இதை விழுமியத் தேர்வு என்று யாரும் அழைக்கவில்லை; பொறியியல் என்றார்கள்.

குழு கேட்டது என்ன

இடம்பெயர்வு என்ற யோசனை அரசிடமிருந்து வந்ததல்ல. 2016-க்கு வெகு முன்பே குழுவின் தலைவர் ஆல்பர்ட் நாக்கின் அதைப் பேசத் தொடங்கிவிட்டார். முந்தைய முயற்சிகள் கைகூடவில்லை. பிறகு லோலேண்டர் மையம் என்ற தன்னார்வ அமைப்போடு சேர்ந்து குழு ஒரு திட்டம் வரைந்தது. லூசியானா மாநிலம் போட்டியில் வென்றது அந்தத் திட்டத்தின் பலத்தில்தான்.

அந்தத் திட்டத்தின் மையம் வீடு அல்ல. சமூகக் கூடம், ஆட்டமும் பாட்டமும் நடக்கும் திடல், அருங்காட்சியகம், மூலிகைத் தோட்டம், உறவினர் அருகருகே இருக்கும் வீட்டு அமைப்பு இவையெல்லாம் அதில் இருந்தன. ஆனால் அலங்காரங்களை விட முக்கியமானது ஒன்று இருந்தது, பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது. தீவில் ஒரு காலத்தில் நானூறு பேர் அளவில் இருந்தார்கள். ஒவ்வொரு புயலுக்கும் சில குடும்பங்கள் கரையேறி, சுற்றுவட்டாரத்தில் சிதறிவிட்டன. குழு கேட்டது, தீவில் மிஞ்சியவர்களைக் காப்பாற்றுவது மட்டுமல்ல. ஏற்கெனவே சிதறியவர்களைத் திரும்ப ஓரிடத்தில் சேர்ப்பது. அவர்கள் கண்ணில் பேரிடர் என்பது வெள்ளம் கூட இல்லை, சிதறல்தான். வெள்ளம் அதற்கு வழி செய்தது, அவ்வளவே.

தலைவர் நாக்கினே 1970-களில் ஒரு புயலுக்குப் பிறகு தீவை விட்டு வெளியே குடியேறியவர். அவரும் குழுவின் ஆள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தீவின் குடியிருப்பாளரா? இந்தக் கேள்விக்குத்தான் இனி வரப்போகும் ஆண்டுகளெல்லாம் செலவாயின.

மாநிலம் எழுதிய விளக்கம்

பணம் குழுவின் கைக்கு வரவில்லை. மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்தின் சமூக மேம்பாட்டு அலுவலகத்துக்கு. அலுவலர்கள் தீவுக்குப் போனார்கள், வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அங்கே குழுவின் உறுப்பினர்கள் மட்டும் இல்லை. ஐக்கிய ஹூமா தேசம் என்ற வேறொரு பழங்குடி அமைப்பைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு தலைவரோடு மட்டும் பேசி எல்லார் சார்பிலும் முடிவெடுக்க முடியாது என்று அலுவலகம் நினைத்தது. அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது சட்டம். 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி இனத்தையோ பூர்வீகத்தையோ அடிப்படையாக வைத்து வீடு ஒதுக்கக்கூடாது. கறுப்பின மக்களுக்கு வீடு மறுக்கப்பட்ட நீண்ட வரலாற்றுக்கு எதிராக வந்த சட்டம் அது. போராட்டத்தில் கிடைத்த சட்டம். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடி என்றால் தனி இறையாண்மை, அரசுக்கு அரசு பேச்சுவார்த்தை என்று வேறு கதவு திறந்திருக்கும். இந்தக் குழுவுக்கு 2004-இல் கிடைத்தது மாநில அங்கீகாரம் மட்டுமே. மத்திய அங்கீகாரத்துக்கோ தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்ட வேண்டும். ஆவணத்தில் சிக்காமல் இருப்பதற்காகவே சதுப்புக்குள் ஒளிந்த முன்னோர்களின் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது கொஞ்சம் கொடுமையான வேடிக்கை.

முடிவில் மாநிலம் வகுத்த விதி இது: தீவில் இப்போது இருப்பவர்களும், 2012 ஆகஸ்ட் இறுதியில் வந்த ஐசக் புயலுக்குப் பிறகு வெளியேறியவர்களும் முழுப் பயனாளிகள். அதற்கு முன்பு போனவர்களுக்கு மனை கிடைக்கலாம், வீட்டை அவர்களே தங்கள் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அளவுகோல் நேர்மையானதுதான். யாருக்கும் சலுகை இல்லை, யாரையும் குலம் கேட்டு விலக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விதியில் குழுவின் திட்டம் காலியாகிவிட்டது. பாதிக்கப்பட்டது ஓர் இனக்குழு என்பது போய், சில பத்து வீடுகள் என்றாகிவிட்டது. மீள்குடியேற்றம் என்ற சொல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது.

இங்கே மோதியவை ஒரு பண்பாடும் ஒரு நடுநிலை விதியும் அல்ல. மோதியவை இரண்டு விழுமியங்கள். ‘ஒவ்வொரு மனிதரும் தனித்தனியே, சமமாக, தம் விருப்பப்படி’ என்பது ஒன்று. ‘நாங்கள் என்பது எங்கள் ஒவ்வொருவரையும் விட மூத்தது’ என்பது மற்றொன்று. முதலாவது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டதால் அதற்கு விதி என்று பெயர். இரண்டாவதுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காததால் பண்பாடு என்று பெயர்.

ஆய்வுலகின் கருவிகள் எவ்வளவு தூரம் உதவும்

பண்பாட்டு விழுமியங்களும் காலநிலையும் என்ற தலைப்பில் சமூகவியலார் எழுதியவற்றின் வேர் 1982-இல் மானுடவியலாளர் மேரி டக்ளஸும் அரசியலறிஞர் ஆரன் வில்டாவ்ஸ்கியும் முன்வைத்த வாதத்தில் இருக்கிறது. எந்த ஆபத்தைக் கண்டு ஒரு சமூகம் பயப்படும் என்பது ஆபத்தின் அளவைப் பொறுத்தது மட்டுமல்ல, அந்தச் சமூகம் எந்த மாதிரி வாழ்க்கையைக் கட்டிக்காக்க விரும்புகிறது என்பதையும் பொறுத்தது என்றார்கள். பின்னாளில் டான் கஹானும் கூட்டாளிகளும் இதைக் கருத்துக்கணிப்பாக மாற்றினார்கள். 2012-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 1,540 அமெரிக்கர்களிடம் கேள்வி கேட்கப்பட்டது. அறிவியல் அறிவு கூடக் கூட காலநிலை பற்றிய கருத்து ஒன்றாகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். படிநிலையையும் தனிமனித உரிமையையும் போற்றுகிறவர்களுக்கும், சமத்துவத்தையும் கூட்டு வாழ்வையும் போற்றுகிறவர்களுக்கும் இடையிலான பிளவு, நன்கு விஷயம் தெரிந்தவர்களிடையேதான் அதிகம். படித்தவர் தம் பக்கத்துக்குச் சாதகமாக வாதிடக் கூடுதல் திறமை பெற்றவர், அவ்வளவுதான்.

அருமையான முடிவு. ஆனால் தீவின் கதைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இந்த ஆய்வு மரபில் விழுமியம் என்பது தனிமனிதர் தலைக்குள் இருப்பது, வினாத்தாளால் அளக்கக்கூடியது. சமூக மேம்பாட்டு அலுவலர்களுக்கு அந்த வினாத்தாளைக் கொடுத்தால் பலர் சமத்துவவாதிகளாகவே வந்திருக்கக்கூடும். அதனால் என்ன ஆகியிருக்கும்? விதி அப்படியேதான் இருந்திருக்கும். விழுமியம் ஆள் மனத்தில் இல்லாமல் படிவத்தில், தகுதித் தேதியில், நிதி போகும் வழியில் குடிகொண்டிருக்கும்போது மனத்தை அளப்பதால் அதைப் பிடிக்க முடியாது.

2009-இல் நீல் ஆட்ஜரும் சகாக்களும் சொன்னது இன்னும் நெருக்கமாக வருகிறது. தகவமைப்புக்கு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்வதற்கு, எல்லை போடுவது பணமும் தொழில்நுட்பமும் மட்டுமல்ல; ஒரு சமூகம் எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்று கருதுகிறதோ அதுவும்தான் என்றார்கள். இதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வேன்: ‘ஒரு சமூகம்’ என்று யாரைக் கணக்கில் எடுப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

மனை, வீடு, அடமானம்

தீவுக்கு வடக்கே சுமார் 40 மைல் தொலைவில், கரும்பு விளைந்த 515 ஏக்கர் நிலத்தை மாநிலம் 1 கோடியே 17 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், 2018 இறுதியில், குழு இந்தத் திட்டத்துக்கான ஆதரவை விலக்கிக்கொள்ளத் தொடங்கியது. 2020 ஜனவரியில் லூசியானாவின் நான்கு பழங்குடிக் குழுக்களும் அலாஸ்காவின் கிவலினா என்ற பழங்குடி ஊரும் சேர்ந்து ஐ.நா.விடம் முறையிட்டன. அதே ஆண்டு மே மாதம் கட்டுமானம் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் தீவில் மிச்சமிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. அதற்குப் பிறகு, போகலாமா வேண்டாமா என்று யோசித்தவர்களுக்கு யோசிக்க அதிகம் மிச்சமில்லை.

புது வீடு இலவசம். ஆனால் ஐந்தாண்டு அடமானக் கட்டோடு. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வரியும் காப்பீடும் கட்டிவந்தால் அடமானம் தள்ளுபடியாகி வீடு சொந்தமாகும். தீவில் இருக்கும் பழைய நிலம் கைவிட்டுப் போகாது. ஆனால் அங்கே குடியிருக்கக்கூடாது, பெரிதாகப் பழுதுபார்க்கக்கூடாது. போய் மீன் பிடித்துவிட்டு வரலாம். திட்டம் கடைசியில் இந்த நிலைக்கு வந்தது வாதாடிய பிறகுதான். முதலில் நிலமே போய்விடும் என்ற பயம் பலரைத் தயங்க வைத்தது.

காப்பீடு, சொத்துவரி என்பதெல்லாம் கேட்க சாதாரணமாக இருக்கும். கடலிலும் கால்வாயிலும் உணவைப் பிடித்து, கடன் இல்லாத வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மாதாமாதம் ரொக்கம் தேவைப்படும் வாழ்க்கை புதிது. தண்ணீரோ 40 மைல் தள்ளி. இடம் மாறியதோடு பொருளாதாரமும் மாறிவிட்டது. வீட்டின் மதிப்பில் இது தெரியாது.

ஒப்பிட இரண்டு உதாரணங்கள்

பிஜியின் வனுவா லெவு தீவில் வுனிதோங்கோலோவா என்ற ஊர் 2014-இல் கடற்கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே மாறியது. 30 வீடுகள், ஏறக்குறைய 150 பேர். எல்லாரும் சேர்ந்தே போனார்கள். அது முடிந்ததற்கு முக்கியக் காரணம் நல்ல மனம் அல்ல, நில உரிமை. பிஜியில் பெரும்பகுதி நிலம் பூர்வகுடிக் குலங்களின் கூட்டுச் சொத்து, சட்டப்படியே. புது ஊரும் அதே குலத்தின் நிலத்தில்தான் அமைந்தது. அங்கே ‘வனுவா’ என்ற சொல் நிலத்தையும் மக்களையும் வழக்கங்களையும் பிரிக்காமல் ஒன்றாகக் குறிக்கும். சட்டம் அந்தச் சொல்லுக்கு ஓரளவு இடம் கொடுத்திருந்தது. அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. புது வீடுகள் சமையலறை இல்லாமல் கட்டப்பட்டன. பெண்களைக் கேட்டிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. கூட்டாக முடிவெடுக்கும் சமூகத்திலும் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. குழுவை அலகாக எடுப்பதே தீர்வு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இந்தச் சமையலறையை மறக்கக்கூடாது.

அலாஸ்காவின் நியூடாக் வேறு மாதிரி. யுபிக் பழங்குடி மக்களின் இந்த ஊருக்கு மத்திய அங்கீகாரம் உண்டு. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றமே, பழைய நிலத்தைக் கொடுத்துப் புது நிலம் பெறும் நிலமாற்றுக்கு ஒப்புதல் தந்தது. மெர்டார்விக் என்ற இடத்தைத் தேர்ந்தது அவர்களே. ஆனால் முதல் குடும்பங்கள் அங்கே போனது 2019-இல். பதினாறு ஆண்டு. உரிமை இருந்தது, ஆனால் ஊரை இடம் மாற்றுவதற்கென்றே பொறுப்பேற்கும் ஒரு துறை இல்லை. அங்கீகாரம் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி தரும். பணம் தானாக வராது.

இந்த இரண்டையும் தீவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘பண்பாட்டை மதிக்கும் திட்டம்’ என்பது நல்லெண்ணக் கூட்டம் போடுவதால் வருவதில்லை என்று தெரிகிறது. லூசியானாவிலும் கூட்டங்கள் நடந்தன. படம் வரைந்து காட்டினார்கள், கருத்துக் கேட்டார்கள், வீடுகளின் வடிவத்தில் அவர்கள் விருப்பத்தைச் சேர்த்தார்கள். பெயிண்ட் நிறம் வரை கேட்கலாம். ‘பயனாளி யார்’ என்பதை மட்டும் கேட்கவில்லை என்றால் மற்றதெல்லாம் உபசாரம்.

இப்போதைய நிலை

2023 டிசம்பர் புகாரில் ஜீன் சார்ல்ஸ் சாக்டா தேசம் (குழு இப்போது வைத்துக்கொண்டிருக்கும் பெயர் அது) சொல்வது: எங்கள் திட்டத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் தலைமையை ஓரம் கட்டினார்கள், வீடுகளும் சரியாகக் கட்டப்படவில்லை. மாநிலம் தன் தரப்பில், தீவின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போவதா இருப்பதா என்று தாமே முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தோம் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், சங்கடமே அதுதான்.

ஆபத்திலிருந்து ஆட்களை நகர்த்துவது மட்டும் அளவுகோல் என்றால் திட்டம் வென்றது. ஐடா அடித்த தரையில் இன்று அந்தக் குடும்பங்கள் படுத்துறங்கவில்லை. இதைச் சிறிய விஷயமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. குழுவின் அளவுகோலில் பார்த்தால், சிதறியவர்கள் சிதறியபடியே இருக்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் குடிபோனவர்களின் ஐந்தாண்டுக் கட்டு 2027 ஆகஸ்டில் முடிகிறது. வீடு அன்றைக்கு முழுதாக அவரவர் சொத்து. விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பழங்குடி மன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. எத்தனை வீடு யார் கையில் இருக்கிறது என்று அதற்கடுத்த சில ஆண்டுகளில் ஒரு பட்டியல் எடுத்தால், இந்த நிகழ்வைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதில் பாதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கலாம், இதையும் சேர்த்து.